காய்கறி தின்றது இரத்தத்தில் தெரியுமா?

வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து வரும் கடிதங்களில் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மடித்து உள்ளே வைத்து, 'இதில் என் சாப்பாடு தெரிகிறதா?' என்று கேட்பவை கூடிக்கொண்டே வருகின்றன. அவற்றில் காய், கீரை, பழம் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்தோம். உணவியல் வல்லுநர் ஒருவரும் உயிர்வேதியியல் லேப் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். சோறும் மீனும் கருவாடும் இருந்தால் போதும், காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். போன மாதம் முழு உடல் பரிசோதனை எடுத்தோம். பி12, வைட்டமின் டி, கால்சியம், பொட்டாசியம் எல்லாமே நார்மல். 'காய் தின்னாமலே எல்லாம் சரியாத்தானே இருக்கு' என்று ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டுகிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, பாம்பன்

பதில்: அந்த ரிப்போர்ட்டில் காய்கறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் ஆட்டுவது வேறு பாடத்தின் மார்க் ஷீட்.

பி12 செடி கொடியில் கிடையாது. மீன், நண்டு, முட்டை, பால், இறைச்சி இவற்றிலிருந்துதான் வரும். அவருக்கு பி12 நன்றாக இருக்கிறதென்றால் மீன் தின்கிறார் என்று பொருள். அது உங்களுக்கே தெரியும். வைட்டமின் டி வெயிலாலும் சூடை, சாளை மாதிரி எண்ணெய்ச்சத்துள்ள மீனாலும் வருவது. கடலில் வெயில் காய்கிறவருக்கு அது நார்மலாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

கால்சியமும் பொட்டாசியமும் இன்னொரு வகை. மிதவை வால்வு வைத்த மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம் வந்தாலும் நான்கு மணி நேரம் வந்தாலும் தொட்டியின் மட்டம் ஒன்றுதான். மட்டத்தைப் பார்த்து எவ்வளவு வந்தது என்று சொல்ல முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் நிற்கும்படி சிறுநீரகம் காவல் காக்கிறது. ஒரு வாழைப்பழம் தின்றாலும் நான்கு தின்றாலும் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். அதனால்தான் சாப்பாட்டுப் பொட்டாசியத்தை அளக்க வேண்டியவர்கள் இரத்தத்தை விட்டுவிட்டு 24 மணி நேரச் சிறுநீரை முழுவதும் பிடித்து அளக்கிறார்கள். கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தைச் சரிக்கட்டிவிடும்.

காய்கறியைக் காட்டிக்கொடுப்பவை இப்படிக் காவல் இல்லாத சத்துகள். தின்றால் ஏறும், விட்டால் இறங்கும். அவை எவை என்பது அடுத்த பதிலில்.

*

கேள்வி: பழம், காய் போதுமான அளவு சாப்பிடுகிறோமா என்று பார்க்க எந்தெந்த டெஸ்ட் எழுதித்தரச் சொல்ல வேண்டும்? ரிப்போர்ட் வந்தால் எப்படிப் படிப்பது?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டு போதும். ஒன்று, இரத்தத்தில் வைட்டமின் சி. மற்றொன்று, கரோட்டினாய்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும்.

முதலில் வைட்டமின் சி. நம் உடம்பால் இதைச் செய்துகொள்ள முடியாது. மீனிலும் சோற்றிலும் பருப்பிலும் கணக்கில் வைக்கும் அளவுக்கு இல்லை. ஆகவே மாத்திரை விழுங்காதவரின் இரத்தத்தில் இது இருந்தால் பெரும்பாலும் பழம், காய், கீரையிலிருந்து வந்ததுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-இல் வகுத்த தினத் தேவை ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65.

அளவைப் படிக்கும்போது யூனிட்டைக் கவனியுங்கள். சில லேப் மைக்ரோமோலில் தரும், சில மில்லிகிராமில் தரும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 57 மைக்ரோமோல். லிட்டருக்கு 11 மைக்ரோமோலுக்குக் கீழே, அதாவது டெசிலிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே, போனால் குறைபாடு. 11-க்கும் 28-க்கும் நடுவில் கையிருப்பு மெலிந்த நிலை. 50-ஐத் தாண்டினால் நல்லது.

ஆனால் மேலே போகப் போக இந்த அளவு ஏமாற்றும். 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, வைட்டமின் சி-யை அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 30 மில்லிகிராமிலிருந்து 100-க்கு ஏற்றியபோது இரத்த அளவு செங்குத்தாக ஏறியது. 200-ஐத் தாண்டியதும் ஏற்றம் தளர்ந்து, 70, 80 மைக்ரோமோலை ஒட்டிப் படுத்துவிட்டது. 200 மில்லிகிராம் என்பது ஒரே ஒரு நடுத்தரக் கொய்யா. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எனவே தினம் ஒரு கொய்யா தின்று காயே தொடாதவரும், பழமும் காயும் அரைக் கிலோ தின்பவரும் இந்த டெஸ்டில் ஒரே மார்க் வாங்குவார்கள். யார் ரொம்பக் குறைவாகத் தின்கிறார் என்பதைப் பிடிக்க இது நல்ல டெஸ்ட். யார் அதிகம் தின்கிறார் என்று தரம் பிரிக்க உதவாது.

அதற்குத்தான் கரோட்டினாய்டு. காய் பழங்களின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள். கீரையின் பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் உண்டு. முக்கியமானவை ஆறு. ஆல்ஃபா கரோட்டின் என்றால் கேரட், பறங்கிக்காய். பீட்டா கரோட்டின் என்றால் கீரை, கேரட், மாம்பழம். பீட்டா கிரிப்டோசாந்தின் என்றால் பப்பாளி, ஆரஞ்சு. லைகோபீன் தக்காளியும் தர்பூசணியும். லூட்டினும் சியாசாந்தினும் முருங்கைக்கீரை, அரைக்கீரை வகை. முட்டைக்கருவிலிருந்தும் இவை வரும் என்பதால் தினம் முட்டை தின்பவருக்குக் கொஞ்சம் கழித்துப் படிக்க வேண்டும். நண்டையும் இறாலையும் வேகவைத்தால் வரும் சிவப்பு வேறொரு கரோட்டினாய்டு, இந்த ஆறில் சேராது. இதைச் சொல்லக் காரணம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

இவை கொழுப்பில் கரைபவை. கொழுப்புத் திசுவில் தங்கி மெதுவாக இறங்கும். வைட்டமின் சி அண்மை நாட்களின் கதையைச் சொன்னால், கரோட்டினாய்டு கடந்த சில வாரங்களின் கதையைச் சொல்லும். டெஸ்டுக்கு முந்தின நாள் ஒரு கட்டு கீரையை அவசரமாகத் தின்று லேபை ஏமாற்ற முடியாது.

'மொத்த கரோட்டின்' என்று ஒரே எண்ணாகத் தரும் பழைய முறையைவிட, ஹெச்பிஎல்சி கருவியில் ஒவ்வொன்றையும் பிரித்துத் தரும் டெஸ்ட் மேல். நார்மல் எல்லை லேபுக்கு லேப் மாறும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எல்லையோடு ஒப்பிடாதீர்கள்.

ஃபோலேட் என்ற பி வைட்டமினையும் கேட்கலாமே என்பீர்கள். கீரையில் நிறைய இருப்பது உண்மை. ஆனால் பருப்பிலும் ஈரலிலும் இருக்கிறது, கர்ப்பிணிகளுக்குத் தரும் மாத்திரையிலும் இருக்கிறது. ஏறியிருந்தால் எதனால் ஏறியது என்று சொல்ல முடியாது. துணைச் சாட்சியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

*

கேள்வி: வைட்டமின் ஏ டெஸ்ட் எடுத்தேன். நார்மல். கேரட், கீரையில் இருப்பது அதுதானே? அப்புறம் கரோட்டின் டெஸ்ட் எதற்கு?
– வாசகி, தொண்டி

பதில்: வைட்டமின் ஏ டெஸ்ட் அளப்பது ரெட்டினால். கல்லீரல் அதைச் சேமித்து வைத்து, இரத்தத்துக்கு ஒரே சீராக விட்டுக்கொண்டிருக்கும். கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்த பிறகுதான் இரத்தத்தில் குறையும். மேலே சொன்ன மிதவை வால்வுக் கதைதான். அதோடு ரெட்டினால் மீன் ஈரலிலும் முட்டையிலும் பாலிலும் நேராகவே கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பகுதியில் 690 பேரை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினரை ஆறு மாதம் பழமும் காயும் கூட்டித் தின்னச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆல்ஃபா, பீட்டா கரோட்டின்கள், லூட்டின், வைட்டமின் சி ஏறின. ரெட்டினால் அசையவில்லை.

*

கேள்வி: தினமும் இரண்டு வாழைப்பழம், மதியம் கத்தரிக்காயோ புடலங்காயோ வெண்டைக்காயோ கட்டாயம் உண்டு. நுங்கு காலத்தில் நுங்கு, மற்ற நாளில் பனங்கிழங்கு. ஆனாலும் கரோட்டின் குறைவு என்று வந்திருக்கிறது. லேப் தப்பா?
– வாசகர், கீழக்கரை

பதில்: லேப் தப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் தின்பவற்றில் நிறமி குறைவு, அவ்வளவுதான். வாழைப்பழம், கத்தரி, புடலை, சுரை, வெள்ளைப் பூசணி, முள்ளங்கி இவற்றால் நார்ச்சத்தும் பொட்டாசியமும் கிடைக்கும். கரோட்டினாய்டு மிகக் கொஞ்சம். வெள்ளையாக இருப்பவற்றை இந்த டெஸ்ட் பார்ப்பதே இல்லை. இது டெஸ்டின் குறை. நீங்கள் காய்கறி தின்பவர்தான்.

நுங்கும் அப்படியே: தண்ணீரும் இனிப்பும். ஆனால் அதே பனையின் பழுத்த பனம்பழத்தில், சுட்டுச் சப்பினால் வாயெல்லாம் ஆரஞ்சாகிறதே, அந்தச் சாற்றில் பீட்டா கரோட்டின் உண்டு. பனங்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மாவுச்சத்து. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 400 கிராம் பழமும் காயும் என்று சொல்லும்போது உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக்கிழங்குகளைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறது.

உங்கள் ரிப்போர்ட் குறைவாக வர இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உடல் எடை. பருத்த உடம்பில் கரோட்டினாய்டு கொழுப்புத் திசுவுக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே சாப்பாடு தின்னும் ஒல்லியானவரைவிட இரத்தத்தில் குறைவாகத் தெரியும். மற்றொன்று, கொலஸ்ட்ரால் மாத்திரை. கரோட்டின்கள் இரத்தத்தில் எல்டிஎல் என்ற கொழுப்பு வண்டியில் ஏறித்தான் பயணம் செய்கின்றன. மாத்திரை வண்டிகளைக் குறைத்தால் சரக்கும் குறைவாகத் தெரியும். கொலஸ்ட்ரால் கூடியவருக்கு இதே காரணத்தால் கரோட்டின் பொய்யாகக் கூடித் தெரியலாம். எனவே கரோட்டினாய்டு எடுக்கும் நாளிலேயே லிப்பிட் புரொஃபைல் என்ற இரத்தக் கொழுப்பு டெஸ்டும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. கொலஸ்ட்ராலுக்காகப் போடும் மாத்திரையை டெஸ்டுக்காக நிறுத்திவிடாதீர்கள்.

*

கேள்வி: சிறிய லேப் நடத்துகிறேன். வைட்டமின் சி சாம்பிள் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினால் பாதி பேருக்கு 'மிகக் குறைவு' என்றே வருகிறது. எடுக்கும் முறையில் பிசகு இருக்குமா?
– லேப் டெக்னீஷியன், மண்டபம்

பதில்: பெரும்பாலும் அங்கேதான் பிசகு. ஊரில் குறைபாடும் உண்டுதான். ஆனாலும் பாதிப் பேருக்குத் தொடர்ந்து அப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டியூபை.

மீனுக்கு ஐஸ் பிடிக்கத் தெரிந்த கரைக்கு இதைச் சொல்வது சுலபம். வைட்டமின் சி ஊசியிலிருந்து டியூபுக்கு வந்த நிமிடமே கெடத் தொடங்கும். காற்றும் சூடும் வெளிச்சமும் அதைத் தின்னும். சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபினின் இரும்பு இன்னும் வேகமாகத் தின்னும்.

நோயாளி முதல் நாள் இரவு சாப்பிட்டு 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் வர வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், எலுமிச்சைச் சாறு கூடாது. காலையில் ஒரு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டு வந்தால் அடுத்த சில மணி நேரம் அந்த ஜூஸைத்தான் அளப்பீர்கள். வைட்டமின் சி மாத்திரை, சத்து டானிக், நுரை வரும் மாத்திரை இவற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். 'மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். சத்து மாத்திரையை அவர்கள் மருந்தில் சேர்ப்பதில்லை. டாக்டர் எழுதித்தராத வெறும் சத்து மாத்திரை என்றால் இரண்டு வாரம் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். உணவைச் சோதிக்கத்தானே எடுக்கிறோம்?

டூர்னிகேட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். பொதுவாக லித்தியம் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி டியூப். வாங்கும் லேப் வேறு சொன்னால் அதுவே. எடுக்கும் முன்பே டியூபைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி வைத்திருங்கள். எடுத்ததும் மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தி, ஐஸ் கலந்த தண்ணீரில் நிறுத்துங்கள்.

இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. மீன் பெட்டியில் போடுவதுபோல நொறுக்கிய ஐஸுக்குள் டியூபைப் புதைத்துவிடுகிறார்கள். ஐஸ் நேராகப் பட்ட இடத்தில் இரத்தம் உறைந்து சிவப்பணு வெடிக்கும். பிரித்தெடுக்கும்போது பிளாஸ்மா வெளிர்மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறத்தில் வந்தால் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், அதில் டியூப் ஸ்டாண்டோடு நிற்க வேண்டும். முழு இரத்தத்தை ஒருநாளும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மணிக்குள், சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். குளிர்வசதி உள்ள சென்ட்ரிஃப்யூஜ் நல்லது. பிரித்த உடனே மெட்டாஃபாஸ்ஃபாரிக் அமிலம் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். எவ்வளவு செறிவு, எவ்வளவு பங்கு என்பதை வாங்கும் லேபிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்த அளவை அவர்கள் கணக்கில் பெருக்கித்தான் விடை போடுவார்கள். அங்கே பிசகினால் எண்ணே மாறிவிடும். இந்தக் கரைசலைப் புதிதாகத் தயாரித்துக் குளிரில் வையுங்கள், பழையது வலுவிழக்கும். பிறகு மைனஸ் 70 டிகிரியில் உறையவைத்து, உலர் ஐஸில் அனுப்ப வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர் மைனஸ் 20-ஐ எட்டுவதே பெரும்பாடு, அதிலும் கரண்ட் போய் வந்தால் உருகி உறையும். உருகி உறைந்த சாம்பிளில் வைட்டமின் சி-யைத் தேடாதீர்கள்.

மைனஸ் 70 வசதி இல்லையென்றால் நேர்மையான வழி, வைட்டமின் சி-யை நீங்கள் எடுக்காமல் ஆளையே அளக்கும் லேபுக்கு அனுப்புவது. கரோட்டினாய்டு இவ்வளவு நொய்ந்த சரக்கு இல்லை. வெளிச்சத்துக்கு மட்டும் நன்றாகப் பயப்படும். வெறும் வயிறு, அலுமினியத் தாள், சீக்கிரம் பிரித்து உறையவைத்தல் இருந்தால் அதைத் தாராளமாக அனுப்பலாம். ஜன்னலோர ரேக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

*

கேள்வி: பாசி எடுக்கும் பெண்கள் நாங்கள். வெற்றிலையும் புகையிலையும் போடாமல் வேலை ஓடாது. வீட்டில் ஆண்கள் பீடி. ஈறில் இரத்தம் வருகிறது. காய் சாப்பிட்டாலும் சத்து ஏறாது என்கிறார்களே?
– வாசகியர், மண்டபம் பக்கம்

பதில்: ஏறாமல் இல்லை, சீக்கிரம் செலவாகிவிடுகிறது. புகை பிடிப்பவரின் உடம்பு வைட்டமின் சி-யை வேகமாகத் தீர்க்கும். அதனால் அமெரிக்க அளவுகோல் புகைப்பவருக்குத் தினம் 35 மில்லிகிராம் கூடுதலாகச் சொல்கிறது. கரோட்டினும் புகைப்பவருக்குக் குறைவாகவே தெரியும். 2011-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், தென்னிந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 45.7 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி 11 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தது. வட இந்தியாவில் 73.9. புகையிலை பழக்கமும் விறகடுப்பும் இந்தக் குறைவோடு சேர்ந்தே காணப்பட்டன.

காய்ச்சல், சளி, புண் இருக்கும் வாரத்தில் டெஸ்ட் எடுக்காதீர்கள், அப்போது வைட்டமின் சி தானாகவே கீழே விழும். ஈறு இரத்தத்துக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பல் டாக்டரை முதலில் பாருங்கள். புகையிலை போடும் வாயில் அதற்கு வேறு காரணங்களும் இருக்கும்.

*

கேள்வி: இரண்டு மாதமாகத் தினம் பப்பாளி, பறங்கிக்காய், கேரட் ஜூஸ். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?
– வாசகி, ஏர்வாடி

பதில்: கண்ணாடியில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சளாக இருந்தால் கரோட்டின் தோலில் சேர்ந்திருக்கிறது. கெடுதல் இல்லை, ஜூஸைக் குறைத்தால் சில வாரங்களில் போகும். கண் மஞ்சளாக இருந்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ உடனே டாக்டர். சாப்பாடு அப்படி ஒன்றும் கூடவில்லை, ஆனாலும் கை மஞ்சள் என்றால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். தோலில் இப்படிச் சேரும் கரோட்டினை விரலில் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஊசி வேண்டாம் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் பயன்படுத்துகிறார்கள்.

*

கேள்வி: எங்கள் முண்டு மிளகாய் போடாத குழம்பு இல்லை. அந்தச் சிவப்பும் கரோட்டினாய்டுதானே?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: ஆம், நிறமி உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு ஆளின் பங்குக்கு வருவது சில கிராம்தான். அரைக் கிலோ காய்கறிக்கு அது ஈடாகாது. களத்தில் காயவைத்ததில் வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும். பச்சை மிளகாயில் அது நிறைய இருக்கிறது, ஆனால் எத்தனை கடிப்பீர்கள்?

*

கேள்வி: எனக்குச் சர்க்கரை. பழமே கூடாது என்கிறார்கள். இரத்தத்தில் இந்த அளவுகள் கூடினால் சர்க்கரைக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். எது உண்மை?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: நீங்கள் படித்தது 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வாக இருக்கலாம். எட்டு நாடுகளில், சாப்பாட்டைப் பற்றி வாய்மொழியாகக் கேட்டதை மட்டும் நம்பாமல், இரத்தத்தில் வைட்டமின் சி-யையும் ஆறு கரோட்டினாய்டுகளையும் அளந்து ஒரே மதிப்பெண்ணாக்கினார்கள். மதிப்பெண் கூடியவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை வருவது குறைந்திருந்தது. நாளைக்கு 66 கிராம் பழமோ காயோ கூடுவதற்கு ஆபத்து ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு என்று கணக்கிட்டார்கள். 66 கிராம் என்பது ஒரு சின்னக் கேரட்.

ஆனால் அது சர்க்கரை வராதவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு. வந்தவருக்கான மருந்துச் சீட்டு ஆகாது. காய் தின்பவர்கள் நடப்பார்கள், புகைக்க மாட்டார்கள், எடை கட்டுக்குள் இருக்கும். அவற்றையெல்லாம் முழுக்கக் கழித்துப் பார்ப்பது கடினம். வைட்டமின் சி மாத்திரையால் அந்தப் பலன் வரும் என்றும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே வைட்டமின் சி-யும் கரோட்டினும் காய்கறி தின்றதற்கு வெறும் சாட்சிகள்.

சர்க்கரை உள்ளவருக்குப் பழமே கூடாது என்பதும் சரியில்லை. பாதிக் கொய்யா, ஒரு கீற்றுப் பப்பாளி, சாப்பாட்டுக்கு நடுவே, ஜூஸாக்காமல் கடித்து. சிறுநீரகம் பாதித்து, பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்களுக்கு மட்டும் இந்தப் பக்கத்தில் உள்ள எந்த அளவும் பொருந்தாது. அவர்கள் கீரையையும் பழத்தையும் தங்கள் டாக்டரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

*

கேள்வி: முதல் டெஸ்டில் இரண்டுமே குறைவு. என்ன தின்று, எப்போது மறுபடி பார்ப்பது? தடைக்காலத்தில் ஒரு மாதிரி, தொழில் நாளில் ஒரு மாதிரி சாப்பாடு எங்களுக்கு.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கடைசி வரியில் நல்ல விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மாம்பழமும் தர்பூசணியும் வரும் காலம் அது, வீட்டுச் சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கும். முதல் டெஸ்ட் பிப்ரவரியிலும் அடுத்தது மே மாதமும் எடுத்தால் நீங்கள் முயற்சி எடுத்ததால் ஏறியதா, மாம்பழத்தால் ஏறியதா என்று தெரியாது. இரண்டையும் தொழில் நாட்களிலேயே வையுங்கள். அதே லேப், அதே வெறும் வயிறு, நடுவில் ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் தினம் பாதிக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ பச்சையாக. வேகவைத்தால் வைட்டமின் சி-யில் நல்ல பங்கு தண்ணீரோடும் சூட்டோடும் போய்விடும். கடலுக்குக் கொண்டுபோகவும் கொய்யாதான் வசதி, கசங்காது. கரோட்டினுக்கு இதற்கு நேர்மாறு: வெந்து, எண்ணெயில் புரண்டால்தான் குடல் உறிஞ்சும். ஆளுக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை உருவி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம் வதக்கி, கீரையைப் போட்டு மூடி ஐந்து நிமிடம், இறக்கும்போது தேங்காய்த் துருவல். வாரத்துக்கு நான்கு நாள் இது. மற்ற நாளில் பறங்கிக்காயோ கேரட்டோ 100 கிராம் பொரியல். உப்புத் தண்ணீர் ஊரில் மற்றக் கீரை வராத வீட்டிலும் முருங்கை நிற்கும். எண்ணெயே இல்லாமல் தண்ணீரில் அவித்த கீரையைத் தின்றுவிட்டுக் கரோட்டின் ஏறவில்லை என்று எழுதியவர்கள் உண்டு.

மறுடெஸ்டில் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மகிழவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். ஒரே ஆளுக்கு ஒரே சாப்பாட்டில் வாரத்துக்கு வாரம் ஏற்ற இறக்கம் உண்டு. வைட்டமின் சி 11-க்குக் கீழிருந்து 40-க்குப் போனால் அது உண்மையான ஏற்றம். 48-லிருந்து 53 என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

*

கேள்வி: இந்த டெஸ்டுக்கெல்லாம் வசதி இல்லை. வேறு வழி?
– வாசகி, திருப்பாலைக்குடி

பதில்: ஒரு வாரம் கடைக்கணக்கு எழுதுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு நாளைக்குக் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம். வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர் என்றால் 500-ஐ ஐந்தால் பெருக்கி ஏழால் பெருக்கினால் வாரத்துக்குப் பதினேழரைக் கிலோ. இது தோலும் காம்பும் கழித்த பிறகு. வாழைப்பழத் தோல், முருங்கைக் காம்பு, பறங்கியின் குடல் எல்லாம் சேர்த்து வாங்கும்போது இருபது கிலோவைத் தாண்ட வேண்டும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தனியாக எழுதுங்கள்: உருளைக்கு மார்க் இல்லை, வெங்காயத்துக்கு உண்டு. கொல்லையில் பறித்த கீரையையும் நிறுத்து எழுத மறக்காதீர்கள். காசு கொடுக்காததால் கணக்கில் விட்டுப்போவது அதுதான். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்து எட்டுக் கிலோ, ஒன்பது கிலோ என்று நின்றால், அந்த வீட்டில் யாருக்கும் ஊசி குத்திப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்குக் கொய்யா வாங்குங்கள்.